சாலைக்கு உண்டு அகவிலைப்படி, எங்களுக்கு இல்லை

வருஷா வருஷம் ஏப்ரல் 1 வருகிறது, செப்டம்பர் 1 வருகிறது. தமிழ்நாட்டுச் சுங்கச்சாவடிகளில் சிலவற்றுக்கு அந்தத் தேதி, மற்றவற்றுக்கு இந்தத் தேதி. ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டினால் கட்டணம் ஏறிவிடும். யாரும் மனுக் கொடுப்பதில்லை, யாரும் யார் காலிலும் விழுவதில்லை. 2008-ஆம் ஆண்டு கட்டண விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆண்டுக்கு 3 சதவீதம் நிச்சயம், அதற்கு மேல் மொத்த விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அதில் 40 சதவீதம். விலைவாசி ஏறினால் ரோட்டுக்கு வரும்படி ஏற வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் விடிய விடிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி ஒரு வரி யோசித்திருக்கக் கூடாதா?

நான் ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் குடியிருக்கிற லாரி டிரைவர். பத்துச் சக்கர வண்டி, எங்கள் பாஷையில் டாரஸ். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனால் சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வரிசையாக ஃபாஸ்டேக் கிழித்துக்கொண்டே போகும். மதுரைக்குப் போனால் பூதக்குடி, சிட்டம்பட்டி. ஒவ்வொரு சாவடியிலும் முதலாளியின் கணக்கிலிருந்து பணம் போன மெசேஜ் அவர் போனுக்குப் போகிறது. டீசல் விலை 2017 ஜூன் 16-லிருந்து தினமும் மாறலாம் என்று ஆக்கினார்கள். அன்றைக்கு லிட்டர் அறுபது ரூபாய்க்குக் கீழே இருந்தது, இன்றைக்குத் தொண்ணூறுக்கு மேலே. அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படியைக் கணக்குப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வண்டியின் இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. செலவு எல்லாம் ஏறின. இவ்வளவுக்கும் நடுவில் ஏறாமல் நிற்பது டிரைவர் பேட்டா ஒன்றுதான். அதற்கு மட்டும் ஏறுகிற தேதி என்று ஒன்று இல்லை.

பேட்டா எப்படி என்று வெளியில் பலருக்குத் தெரியாது. எங்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. லோடு வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேச்சு. எனக்குப் பத்து. "வாடகை ஏறினா உனக்கும் தானா ஏறும்ப்பா, நீயும் பங்குதாரன் மாதிரிதான்" என்று சேரும்போது சொன்னார்கள். வாடகை ஏறவில்லை. லோடு ஒன்று இருந்தால் வண்டி நாலு நிற்கிறது. புரோக்கர் போனை எடுத்து, "அவன் ஐந்நூறு கம்மியா வரேங்கிறான்" என்றால் எங்கள் முதலாளி இன்னொரு ஐந்நூறு குறைக்கிறார். அவர் குறைத்ததில் என் ஐம்பதும் போகிறது. லாபத்தில் என்னைப் பங்குதாரன் என்று யாரும் கூப்பிட்டதில்லை, குறைகிறபோது மட்டும் பங்கு சரியாக வந்து சேர்கிறது.

ஒரு லோடை முழுசாகச் சொல்கிறேன், கேளுங்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. மத்தியானம் போய் வரிசையில் நின்றேன். முன்னால் வண்டிகள். டோக்கன் கூப்பிடும்போது வண்டியில் ஆள் இல்லையென்றால் வரிசை போய்விடும், அதனால் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. நிழலில்லை. கேபினுக்குள் எஞ்சின் சூடு, வெளியே சுண்ணாம்புத் தூசி. ராத்திரி கூப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் லோடு ஏறியது. எடை மேடை, பில், தார்ப்பாய், கயிறு எல்லாம் முடித்துக் கல்லக்குடி, லால்குடி வழியாக வந்து, காவிரி தாண்டி, மதுரைக்கு விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். குடோன்காரர் பத்து மணிக்குத்தான் திறப்பார். இறக்கும்போது இரண்டு மூட்டை கிழிந்திருந்தது. ஏற்றியவன் கொக்கி பட்டுக் கிழிந்ததா, இறக்கியவன் போட்ட போட்டில் கிழிந்ததா, யாருக்கும் கவலையில்லை. டிரைவர் கணக்கு. வாடகை பதினாலாயிரம், என் பேட்டா ஆயிரத்து நானூறு. கிழிந்த இரண்டு மூட்டைக்கும் சேர்த்து எழுநூறு பிடித்தாகிவிட்டது. ரெண்டரை நாள் சாப்பாடு, டீ, பெட்ரோல் பங்க் பின்னால் குளிக்கிறதுக்குக் காசு, கக்கூஸுக்குக் காசு என்று நானூற்றைம்பது. மிச்சம் இருநூற்றைம்பது ரூபாய். ரெண்டரை நாள், இருபது டன் சிமென்ட், ஒரு முழு ராத்திரிக் கண்விழிப்பு எல்லாம் சேர்ந்து இருநூற்றைம்பது ரூபாய்!

எல்லா லோடும் இப்படி இல்லை. மூட்டை கிழியாத லோடும் உண்டு, போனவுடன் ஏற்றி அனுப்புகிற இடமும் உண்டு. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பதினாலு, பதினைந்தாயிரம். தை மாதம் போல வேலை ஓடினால் பதினெட்டு. இதில் டீசல் ஆவரேஜ் என்று ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்க வேண்டும். டிராபிக்கில் நின்றாலும், துவரங்குறிச்சி ஏற்றத்தில் முக்கினாலும், வண்டி பழசானாலும் நாலுதான். குறைந்த டீசல் என் தலையில். நிறுத்த இடமில்லாமல் ரோட்டோரம் நிறுத்தியதற்கு ஆன்லைன் ஃபைன் வந்தால் அதுவும் என் தலையில்.

2018-ஐ நான் மறக்க மாட்டேன். அந்த வருஷம் ஜூலையில் லாரிகளின் அச்சு எடையைக் கூட்டினார்கள். பத்துச் சக்கர வண்டி சரக்கோடு சேர்த்து 25 டன் இருக்கலாம் என்றிருந்தது 28.5 டன் ஆனது. அதே மாதம் நாடு முழுக்க லாரி ஸ்டிரைக், எட்டு நாள் வண்டி ஓடவில்லை. வருஷக் கடைசியில் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். பாரத்தைக் கூட்டிய வருஷமே ஆளைக் குறைத்தார்கள். மூன்றரை டன் கூடுதலாகச் சுமக்கிற வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறவனுக்கு மூன்றரை ரூபாய் கூடியதா?

கிளீனர்களும் போய்விட்டார்கள். நான் இந்தத் தொழிலுக்குக் கிளீனராக வந்தவன். டிரைவர் அண்ணன் தூங்கும்போது வண்டியைக் காவல் காப்பேன், பின்னால் எடுக்கும்போது கை காட்டுவேன், தார்ப்பாய் கட்டுவேன், ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவேன். அவர் திட்டித் திட்டித்தான் வண்டியைக் கற்றுக் கொடுத்தார். இன்றைக்கு அந்த இடத்தில் ஆளில்லை, கிளீனருக்குக் கொடுத்த காசு மிச்சமாகிவிட்டது. வேலை மிச்சமாகவில்லையே! மழை தூறினால் ஐம்பது வயதில் நான்தான் லோடு மேல் ஏறித் தார்ப்பாயை இழுக்கிறேன். ஒருமுறை விராலிமலை தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரக் கயிறு கையிலிருந்து வழுக்கி, மூட்டை மேலிருந்து சரிந்து பக்கப் பலகையைப் பிடித்துத் தொங்கினேன். கீழே இறங்கி டயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். போனில் முதலாளி: "ஜிபிஎஸ்ல வண்டி அரை மணி நேரமா நிக்குதே, என்னப்பா ஆச்சு?" மழை என்றேன். "சரி சரி, எடு" என்றார். கையில் தோல் உரிந்திருந்ததை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் இருப்பது மூன்று வண்டி. மூன்றும் ஃபைனான்ஸில். பழைய டிரைவராக இருந்து முதலாளியானவர், ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு அவர் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. போன தீபாவளிக்குப் பேட்டாவைப் பன்னிரண்டு ஆக்குங்கள் என்று கேட்டேன்.

"முதலாளி, வீட்ல சமாளிக்க முடியல. ரெண்டு மட்டும் ஏத்திக் குடுங்க."

"நான் எங்கப்பா போவேன்? டியூ கட்டி ரெண்டு மாசம் ஆச்சு. சரக்குக்காரன் எனக்கு ஏத்தித் தந்தா உனக்கு ஏத்தித் தர மாட்டேனா? நீயே வண்டிய ஓட்டி நீயே கட்டு, சாவிய இந்தா."

சாவியை நிஜமாகவே மேஜை மேல் போட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என் ரத்தம் கொதித்தது, ஆனால் அவர் மேல் கொதித்து என்ன பயன்? மூட்டைக்கு விலையை ஏற்றத் தெரிந்த ஆலைக்கு, அந்த மூட்டையைக் கொண்டுபோகிற வாடகையை ஏற்றத் தெரியாதா? நடுவில் நின்று போன் பேசியே கமிஷன் எடுக்கிறவருக்குத் தெரியாதா? எங்களைப் போன்ற இரண்டு பேரை முட்டவைத்துவிட்டு அவர்கள் எல்லாரும் தள்ளி நிற்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரைமணி ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. எங்கள் அப்பா காலத்தில் எழுதிய சட்டம், படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. ஐந்து தொழிலாளி இருக்கிற இடத்துக்குத்தான் அது பொருந்தும் என்று அதிலேயே இருந்தது. மூன்று வண்டி, மூன்று டிரைவர் என்றால் சட்டம் உள்ளே வராது. இந்தத் தொழிலில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐந்து என்பதை மூன்றாக்கினார்களா, ஒன்றாக்கினார்களா? பத்து ஆக்கினார்கள். கிட்ட வந்து தொடும் என்று பார்த்துக்கொண்டிருந்த சட்டம் இன்னும் தூரமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வருகிறேன். அங்கேதான் இந்தக் கணக்கெல்லாம் வந்து இடிக்கிறது. இரண்டு அறை, லைன் வீடு. நாங்கள் குடிபோனபோது வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, இப்போது ஏழாயிரம். ஸ்ரீரங்கத்தில் ரிட்டயர்ட் ஆனவர்கள் பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஃபிளாட் வாங்க வருகிறார்கள், நல்ல ஆசைதான். ஆனால் அந்த விலையைப் பார்த்து எங்கள் தோப்புப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கும் வாடகை ஏறுகிறது. வீட்டுக்காரர் சப்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார், அரசாங்கம் கொடுக்கிற நூறு யூனிட் இலவசம் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாய் ஆனபோது பச்சைக்கு மாறினோம். கேஸ் 2022-ல் ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு இருநூறு குறைத்தார்கள், நூறு குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் ஐம்பது ஏற்றினார்கள். குறைத்தார்கள் என்று சந்தோஷப்படுவதற்குள் நல்லெண்ணெய், துவரம்பருப்பு, பொண்ணின் ஸ்கூல் வேன் என்று வேறு ஏதாவது ஏறிவிடும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். காந்தி மார்க்கெட்டுக்கு அந்த மாதம் தக்காளி இறக்கியவன் நான். விடிகாலை மூன்று மணிக்குப் பெட்டி பெட்டியாக இறங்கியது, வண்டிக்கு அடியில் நசுங்கினதைப் பொறுக்கப் பொம்பளைகள் பையோடு நின்றார்கள். அதில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. என்னைப் பார்த்ததும் பையை முந்தானைக்குள் மறைத்தாள். "எடுத்துக்கம்மா, நம்ம லோடுதான்" என்றேன். நம்ம லோடு! அன்றைக்கு என் வீட்டில் புளிக்குழம்புதான் வைத்தார்கள்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து என் மனைவி கணக்கில் வருகிறது. டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை. இந்த இரண்டும் இல்லையென்றால் நாங்கள் எப்போதோ கவிழ்ந்திருப்போம், அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஆயிரம் ரூபாய் வந்த அன்றைக்கே குழு லோன்காரர் வந்து நிற்கிறார். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழு. செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு, வெள்ளிக்கிழமை ஒரு கட்டு. தெரு முனையில் பத்துப் பெண்கள் முன்னால் "இந்த வாரம் இல்லை" என்று சொல்ல வேண்டியிருப்பது அவள். நான் அந்த நேரத்தில் எங்கேயாவது எடை மேடையில் நின்றுகொண்டிருப்பேன்.

மதுரை லோடானால் நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடம் பாலம், ஒய் ரோடு, காவிரி என்று பைபாஸில்தான் வர வேண்டும். பாலத்திலிருந்து பார்த்தால் ராஜகோபுரத்தின் விளக்கு தெரியும். வீடு அதற்குப் பக்கத்தில். லோடு வண்டியை ஊருக்குள் கொண்டுபோக முடியாது, நிறுத்திவிட்டு நடந்துபோக ஜிபிஎஸ் விடாது. அதனால் போன் பண்ணினால் ஒய் ரோட்டுக்கு என் மனைவி பொண்ணை அழைத்துக்கொண்டு டிபன் கேரியரோடு வந்து நிற்பாள். எஞ்சினை அணைக்காமல் இறங்குவேன். "என்னங்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்பாள். பொண்ணு ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவாள், டயர் மேல் வைத்துப் போடுவேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான் குடும்பம். ஒரு தடவை கேரியரைக் கொடுத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஒரு நாள் லீவு போட்டா எவ்வளவு போகும்?" சொன்னேன். "வேண்டாம், போய்ட்டு வாங்க" என்றாள்.

மாசிக் கடைசியில் சமயபுரத்துக்குப் பூச்சொரிதல் தொடங்கினால் ராத்திரியெல்லாம் ஜனம் நடக்கும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் ரோட்டுக்குள்ளேயே வருவார்கள். நானும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவன்தான். அந்த நாட்களில் இருபதில் உருட்டுவேன், கை நடுங்கும். இரண்டு ராத்திரி தூங்காத கண்ணுக்கு முன்னால் ஒரு குழந்தை வந்துவிட்டால் என்ன ஆகும்? பழைய தண்டனைச் சட்டத்தில் அஜாக்கிரதையால் உயிர் போனால் அதிகபட்சம் இரண்டு வருஷம். புதிய நியாய சன்ஹிதாவில் 106(2) என்று ஒன்று எழுதினார்கள்: தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை. 2024 ஜனவரி முதல் தேதி வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும், பேசிவிட்டுத்தான் கொண்டுவருவோம் என்றது மத்திய அரசு. ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது அதை மட்டும் நிறுத்திவைத்தார்கள். செத்தவன் வீட்டுக் கண்ணீர் எனக்கும் கண்ணீர்தான். ஓடுவது தப்புத்தான். ஆனால் கூட்டம் கையில் கிடைத்த டிரைவர் உயிரோடு ஸ்டேஷன் போய்ச் சேருவான் என்று யார் உத்தரவாதம் தருவது? அதைவிட முக்கியமாக, தூங்காமல் அவனை ஓட்ட வைத்த வாடகைக்கு, வரிசையில் ரெண்டு நாள் காயவைத்த ஆலைக்கு, எந்தப் பிரிவில் எத்தனை வருஷம்?

2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகிற லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புது பஸ் நிலையத்தோடு கனரக வண்டிகளுக்கும் ஒரு முனையம் திறந்திருக்கிறார்கள். நல்லது, வரவேற்கிறேன். புது வண்டி வாங்க எங்கள் முதலாளிக்கு வழியில்லை என்பது வேறு விஷயம். வண்டிக்கு நிற்க இடம் கிடைத்திருக்கிறது. ஓட்டுகிறவன் வயிற்றுக்கு என்ன வழி?

நாங்கள் கேட்பது என்ன? கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச பேட்டாவை அரசு அறிவிக்க வேண்டும், ஒரு வண்டி வைத்திருப்பவருக்கும் நூறு வண்டி வைத்திருப்பவருக்கும் சேர்த்து. விலைவாசி ஏறினால் அதுவும் ஏற வேண்டும், எந்தத் தேதியில் என்று எழுதிவைக்க வேண்டும். காக்கவைத்த நேரத்துக்கான ஹால்டிங் பணம் சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து வர வேண்டும், அதில் டிரைவருக்கு உள்ளதைத் தனியாக, நேராக அவன் கணக்கில் போட வேண்டும். கிழிந்த மூட்டையை ஏற்றுகிற இடத்திலேயே எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எது நடக்க முடியாத ஆசை?

பால்பண்ணை ரவுண்டானா பக்கம் வண்டியைப் போட்டுவிட்டு டீக்கடையில் நாங்கள் சிலர் பேசினோம். இனி ஆலைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கேட் சீட்டில் எழுதி முத்திரை வைத்துத் தராமல் வண்டியை எடுப்பதில்லை. யாரும் தர மாட்டார்கள், தெரியும். "இஷ்டமிருந்தா எடு, இல்லாட்டி ஓரங்கட்டு, பின்னால இருபது வண்டி நிக்குது" என்பார்கள். அந்த இருபது வண்டியில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். எனக்கு அடுத்து டோக்கன் கூப்பிடும்போது நீங்களும் அந்தச் சீட்டைக் கேளுங்கள்.